அரசு அலுவலகம் பதிலே சொல்லாவிட்டால்: மனு முதல் உயர் நீதிமன்றம் வரை

என் அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். ஏழு மாதம் ஆனது. போகும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "பரிசீலனையில் இருக்கு, அடுத்த வாரம் வாங்க." கடைசியில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது, "மறுத்து ஏதாவது எழுத்துல கொடுத்திருக்காங்களா?" இல்லை என்றேன். "கொடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும். மேல்முறையீடு போட்டிருக்கலாம்" என்றார்.

அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. "முடியாது" என்று ஓர் அதிகாரி எழுதிக் கொடுத்தால் அதை எதிர்த்துப் போக வழி இருக்கிறது. பட்டா மாற்றத்தை வட்டாட்சியர் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்று 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டமே படி போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆனால் அவர் எதுவுமே சொல்லாவிட்டால் முதல் படியில் காலே வைக்க முடியாது. மறுப்பைவிட மௌனம்தான் நம்மை அதிகமாகக் கட்டிப்போடுகிறது.

அதனால் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: அந்த மௌனத்தை முதலில் நிரூபிக்கக்கூடியதாக மாற்றுவது, பிறகு உடைப்பது. பட்டா, வாரிசுச் சான்றிதழ், ஓய்வூதியம், கருணை அடிப்படையிலான வேலை, கட்டட அனுமதி, உரிமம் என்று எதுவாக இருந்தாலும் பாதை ஏறக்குறைய இதேதான். தமிழ்நாட்டில் முதல் முறையாக இதில் இறங்குபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

மனு யாருக்கு, எப்படி

பாதி வழக்குகள் இங்கேயே கெட்டுப்போகின்றன. முதலமைச்சருக்கு, அமைச்சருக்கு, ஆட்சியருக்கு, எல்லோருக்கும் மனு போட்டிருப்பார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவருக்கு மட்டும் போட்டிருக்க மாட்டார்கள். பின்னால் நீதிமன்றம் போகும்போது அரசுத் தரப்பு சொல்லும் முதல் வார்த்தை, "எங்களிடம் அப்படி ஒரு மனுவே வரவில்லை" என்பதாகத்தான் இருக்கும்.

எனவே முதல் வேலை, உங்கள் விஷயத்தில் உத்தரவு போட வேண்டிய அதிகாரி எந்தப் பதவியில் இருப்பவர் என்று தெரிந்துகொள்வது. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் அறிக்கைதான் தருவார்கள். வாரிசுச் சான்றிதழில் கையெழுத்து வட்டாட்சியருடையது. எந்தச் சட்டத்தின் கீழ், எந்த விதியின்படி அவர் முடிவெடுக்க வேண்டும் என்பதும் தெரிந்தால் இன்னும் நல்லது. தெரியாவிட்டால் கவலை இல்லை. தகவல் உரிமை மனுவில் அதையே ஒரு கேள்வியாகக் கேட்டு வாங்கலாம்.

மனு ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம் போதும். யார் நீங்கள், என்ன வேண்டும், எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், விண்ணப்ப எண் என்ன, என்னென்ன ஆவணங்கள் இணைத்திருக்கிறீர்கள். இவ்வளவுதான். குறைகளையும் கோபத்தையும் கொட்டினால் கோரிக்கை அடியில் புதைந்துவிடும். இணைப்புகளுக்கு எண் போட்டுப் பட்டியல் எழுதுங்கள். "அந்த ஆவணம் இல்லை" என்று பிறகு சொன்னால் காட்டுவதற்கு அந்தப் பட்டியல்தான் இருக்கும்.

நேரில் கொடுத்தால் இன்னொரு பிரதியில் அலுவலக முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றும் வாங்குங்கள். தயங்குவார்கள், பொறுமையாகக் கேட்டு நில்லுங்கள். தரவே மாட்டேன் என்றால் அன்றைக்கே தபாலில் அனுப்பிவிடுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. விரைவுத் தபாலிலேயே பதிவும், சேர்ந்ததற்கான ஒப்புகையும் வேண்டும் என்று கேட்டு அனுப்பலாம். ரசீதையும், சேர்ந்த தேதி காட்டும் இணையப் பக்கத்தின் அச்சுப் பிரதியையும் மனுவின் நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்திருந்தால் ஒப்புகைச் சீட்டின் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது ஆறே மாதத்தில் வெளுத்து, எழுத்தே தெரியாமல் போய்விடும். எனக்கு அப்படி ஒன்று போனது.

எவ்வளவு நாள் பொறுப்பது

சில விஷயங்களுக்குச் சட்டத்திலேயே கெடு இருக்கிறது. மற்றவற்றுக்கு அந்தத் துறையின் குடிமக்கள் சாசனத்தைப் பாருங்கள். இந்தச் சேவைக்கு இத்தனை நாள் என்று துறையே எழுதி வைத்திருக்கும். இரண்டும் இல்லாத இடத்தில் கைகொடுப்பது பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை எண் 99, நாள் 21.09.2015. மனு கிடைத்த மூன்று நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பது அதன் சாரம். இந்த எண்ணையும் தேதியையும் உங்கள் நினைவூட்டல் கடிதத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். படிக்கும் எழுத்தருக்கு, இவர் விவரம் தெரிந்து எழுதுகிறார் என்று தெரியும்.

கர்நாடகத்தில் சகாலா என்ற பெயரில் 2011-லும், கேரளத்தில் 2012-லும் சேவை உரிமைச் சட்டங்கள் வந்தன. அங்கே வசிக்கும் தமிழர்கள் முதலில் அந்தச் சட்டத்தின் மேல்முறையீட்டு வழியைப் பயன்படுத்துங்கள். அதில் தாமதம் செய்த அலுவலருக்கு அபராதமும் உண்டு.

ஒரு மாதம் முடிந்ததும் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதோடு சேர்த்து, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலோ, 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரித் துறையிலோ ஒரு மனு பதிவு செய்யலாம். மத்திய அரசுத் துறையாக இருந்தால் சி.பி.கிராம்ஸ் என்ற இணையதளம். அங்கே 21 நாளுக்குள் தீர்வு என்று 2024-ல் வழிகாட்டுதல் வெளியிட்டார்கள்.

இவற்றால் வேலை முடிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், முயலாமல் விடாதீர்கள். ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள். "மனு சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி வந்து, மனு முடிக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடும். அது முடிவு ஆகாது. உங்கள் கோரிக்கையை ஏற்கிறோம், அல்லது இன்ன காரணத்தால் மறுக்கிறோம் என்று அதிகாரம் உள்ளவர் கையெழுத்திட்டுத் தருவதுதான் முடிவு. அந்தக் குறுஞ்செய்தியையும் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். பதில் சொல்லாமலே மனுவை மூடினார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

தகவல் உரிமை மனு: கோப்பு எங்கே தூங்குகிறது

இந்த ஒரு படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது என்பேன். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்கள் தீர்வு கேட்பதில்லை. கோப்பில் இருப்பதை மட்டும் கேட்கிறீர்கள். அதனால் "ஏன் இன்னும் தரவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு, அது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். இப்படிக் கேளுங்கள்:

1. இன்ன தேதியிட்ட, இன்ன எண்ணுள்ள என் விண்ணப்பத்தின் மீது இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கைகளைத் தேதிவாரியாகத் தரவும்.
2. அந்த விண்ணப்பம் எந்தெந்தப் பதவியில் உள்ள அலுவலர்களிடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது?
3. இந்த விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்க அதிகாரம் உள்ள அலுவலர் யார்? அதற்கான சட்டப்பிரிவு அல்லது அரசாணையின் நகல் தரவும்.
4. முடிவெடுக்க நிர்ணயிக்கப்பட்டுள்ள காலக்கெடு எவ்வளவு? அதற்கான ஆவணத்தின் நகல் தரவும்.
5. கோப்பின் குறிப்புப் பகுதி உட்பட எல்லாப் பக்கங்களின் நகலும் தரவும். கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கோருகிறேன்.

கட்டணம் பத்து ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணமே இல்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் 48 மணி நேரம்.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு 7(2). கெடுவுக்குள் பதில் இல்லையென்றால், மறுத்ததாகவே கருதப்படும் என்கிறது அது. மௌனத்தையே மறுப்பாக மாற்றி, மேல்முறையீட்டுக் கதவைத் திறந்துவிடுகிறது. எல்லாச் சட்டங்களிலும் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. கெடு தாண்டினால் தகவலை இலவசமாகவே தர வேண்டும் என்று 7(6) சொல்கிறது.

பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அவர் 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிக்க வேண்டும். அதற்கும் பயன் இல்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தவறு செய்த தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம். ஆணையத்தில் காத்திருப்பு நீளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காக மற்றப் படிகளை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. தகவல் உரிமை ஒரு பக்கம் போகட்டும், நீங்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

எங்கள் வீட்டு விஷயத்தில் தகவல் உரிமை மனுவுக்கு 26-ஆம் நாள் பதில் வந்தது. கோப்பு ஐந்து மாதமாக ஒரே மேசையில் இருந்திருக்கிறது. காரணம், அப்பாவின் பெயர் இறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் குடும்ப அட்டையில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருந்தது. யாராவது ஒருவர் முதல் வாரத்திலேயே அதை எழுதிச் சொல்லியிருந்தால் அம்மா அத்தனை முறை பேருந்து ஏறியிருக்க வேண்டாம். பெயர் விஷயத்தைச் சரிசெய்து கொடுத்த பிறகு மூன்று வாரத்தில் சான்றிதழ் வந்தது. எல்லோருக்கும் இப்படி அமையாது. அமையாதவர்களுக்குத்தான் அடுத்த படிகள்.

வழக்கறிஞர் அறிவிப்பு, அல்லது கடைசிக் கோரிக்கை மனு

நீதிமன்றம் போவதற்கு முன் ஒரு கடைசிக் கோரிக்கை போக வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். கடமையைச் செய்யச் சொல்லி அதிகாரியிடம் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும், அவர் மறுத்திருக்க வேண்டும் அல்லது சும்மா இருந்திருக்க வேண்டும். அதன் பிறகே ஆணை கேட்டு வர வேண்டும் என்பது நீதிமன்றங்கள் பொதுவாகப் பின்பற்றும் விதி. உச்ச நீதிமன்றமே 1974-ல் ஒரு சர்க்கரை ஆலை வழக்கில் இதைச் சொல்லியிருக்கிறது.

அந்தக் கடிதத்தில் முதல் விண்ணப்பத்தின் தேதி, நினைவூட்டல்களின் தேதிகள், தகவல் உரிமை மனுவில் கிடைத்த விவரம், முடிவெடுக்கக் கடமைப்படுத்தும் விதி ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, 15 நாள் அல்லது 30 நாள் அவகாசம் கொடுங்கள். வழக்கறிஞர் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் வழக்கு போடுவது உறுதி என்றால், வழக்கை நடத்தப்போகிறவரே எழுதுவது நல்லது. பிறகு உயர் நீதிமன்றத்தில் போடப்போகும் ரிட் மனுவில் குறிப்பிடும் தேதியும் கோரிக்கையும் இந்தக் கடிதத்திலிருந்துதான் வரும்.

இதோடு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு அறிவிப்பைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அரசின் மீது சிவில் நீதிமன்றத்தில் சாதாரண வழக்கு போடுவதற்கு முன் இரண்டு மாத அறிவிப்பு கொடுக்கச் சொல்வது அது. சொத்துரிமை யாருடையது, நஷ்டஈடு எவ்வளவு என்று சாட்சி விசாரித்து முடிவு செய்ய வேண்டிய விஷயங்களுக்குச் சிவில் நீதிமன்றம்தான் சரியான இடம். ரிட் மனுவுக்கு அந்த இரண்டு மாத அறிவிப்பு தேவையில்லை.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு

அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் கூறு உயர் நீதிமன்றங்களுக்கு நீதிப்பேராணை வழங்கும் அதிகாரம் தருகிறது. அதில் நமக்கு வேண்டியது செயலுறுத்தும் நீதிப்பேராணை. வழக்கறிஞர்கள் மாண்டமஸ் என்பார்கள். சட்டப்படி உனக்குள்ள கடமையைச் செய் என்று பொது அதிகாரிக்கு நீதிமன்றம் இடும் கட்டளை அது.

எங்கே போடுவது? மதுரை, திண்டுக்கல், தேனி, ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, கரூர் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். 2004 ஜூலை முதல் அது இயங்குகிறது. மற்ற மாவட்டங்களுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை.

இங்கே ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும். "எனக்குப் பட்டா கொடுக்கச் சொல்லுங்கள்" என்று கேட்டால் நீதிமன்றம் பெரும்பாலும் கொடுக்கச் சொல்லாது. "என் மனுவின் மீது முடிவெடுக்கச் சொல்லுங்கள்" என்றால் சொல்லும். முடிவெடுக்கும் பொறுப்பு சட்டப்படி அதிகாரியுடையது. அவருடைய நாற்காலியில் நீதிபதி உட்காருவதில்லை. குஜராத்திலிருந்து வந்த ஒரு ஊழல் வழக்கில், வழக்குத் தொடர அனுமதி கொடுத்தே ஆக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் செயலருக்கு உத்தரவிட்டிருந்தது. அவர் சுயமாக யோசிக்க இடமே இல்லாமல் போய்விட்டது, அதனால் அந்த அனுமதியே செல்லாது என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே வழக்கமாக வரும் உத்தரவு இப்படி இருக்கும்: மனுதாரரின் இன்ன தேதியிட்ட மனுவை, அவருக்கும் சம்பந்தப்பட்ட மற்றவர்களுக்கும் வாய்ப்பளித்து, தகுதியின் அடிப்படையிலும் சட்டப்படியும் பரிசீலித்து, இந்த உத்தரவின் நகல் கிடைத்த எட்டு அல்லது பன்னிரண்டு வாரங்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். உங்கள் கோரிக்கை சரியா தவறா என்பதைப் பற்றி நீதிமன்றம் ஒன்றும் சொல்லியிருக்காது. பலர் இதைப் படித்துவிட்டு, "இதுக்கா கோர்ட்டு வரைக்கும் வந்தோம்?" என்று மனம் நொந்துபோவார்கள். நோக வேண்டாம். கெடு இல்லாத மௌனத்துக்கு ஒரு கெடு கிடைத்திருக்கிறது. அதை மீறினால் தண்டனையும் இருக்கிறது.

மனுவோடு போக வேண்டியவை: உண்மைகளைச் சொல்லும் பிரமாணப் பத்திரம், வக்காலத்து, ஆவணங்களின் தட்டச்சுத் தொகுப்பு. இந்தத் தொகுப்புக்குத்தான் முதல் நாளிலிருந்து சேர்த்துவைத்த கோப்பு. எதிர்மனுதாரர்களைப் பதவிப் பெயரால் குறிப்பிடுவார்கள். முடிவெடுக்க வேண்டியவரும் அவருக்கு மேல் உள்ள ஒருவரும் இருந்தால் போதும். தலைமைச் செயலர் வரை பட்டியலிட்டால் அறிவிப்பு அனுப்பும் வேலைதான் கூடும். பட்டா போன்ற விஷயத்தில் எதிர்ப்புச் சொல்லும் பங்காளியோ பக்கத்து நிலத்துக்காரரோ இருந்தால் அவரையும் சேர்த்துவிடுங்கள். மறைத்துப் போட்டால் பிறகு அவர் வந்து உத்தரவையே ரத்து செய்யக் கேட்பார்.

பெரும்பாலான இத்தகைய மனுக்களில் அரசு வழக்கறிஞர் அறிவிப்பைப் பெற்றுக்கொண்டு, "குறிப்பிட்ட காலத்துக்குள் பரிசீலிக்கச் சொல்லுகிறோம்" என்பார். அந்த முதல் விசாரணையிலேயே வழக்கு முடிந்துவிடுவதும் உண்டு. கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் நாளைக்குள் வேண்டும் என்பது போன்ற அவசரமாக இருந்தால், காலையில் நீதிபதியிடம் சொல்லி அனுமதி வாங்கி அன்று மதியமே விசாரணைக்குக் கொண்டுவர வழி இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வட்டாரத்தில் அதற்கு லஞ்ச் மோஷன் என்று பெயர். அவசரம் உண்மையாக இருக்க வேண்டும். நீங்களே மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டுக் கடைசி நாளில் ஓடிவந்தால் நீதிபதி அதைத்தான் முதலில் கேட்பார்.

ரிட் மனுவுக்குச் சட்டத்தில் காலவரம்பு கிடையாது. அதற்காகத் தாமதத்தை நீதிமன்றம் மன்னித்துவிடும் என்று இல்லை. தமிழ்நாட்டின் சுரங்கத் துறையில் பணி நீக்கப்பட்ட ஒருவர் சுமார் 18 ஆண்டுகள் கழித்து ஒரு மனு கொடுத்து, அதைப் பரிசீலிக்க உத்தரவும் வாங்கினார். பரிசீலித்து மறுத்தார்கள். அந்த மறுப்பைப் புதிய வழக்குக் காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது, செத்துப்போன கோரிக்கைக்கு இப்படி உயிர் கொடுக்க முடியாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பழைய விஷயத்துக்குப் புதுத் தேதியில் மனு போட்டுவிட்டால் கணக்கு முதலிலிருந்து ஓடும் என்று யாராவது ஆலோசனை சொன்னால் நம்பாதீர்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், வருமான வரம்புக்குள் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. இதில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. இது தெரியாமலே எத்தனை பேர் நகையை அடகு வைக்கிறார்கள்! சென்னையிலும் மதுரையிலும் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுக்கள் இருக்கின்றன. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

சில விஷயங்களுக்கு வேறு கதவு

மத்திய அரசு ஊழியர்களின் பணி விவகாரம் நேராக உயர் நீதிமன்றம் போகாது. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். 1985-ஆம் ஆண்டின் சட்டம் அங்கே மௌனத்துக்கு நல்ல கணக்கு வைத்திருக்கிறது. மேல்முறையீடோ கோரிக்கையோ கொடுத்து ஆறு மாதம் பதில் இல்லையென்றால் தீர்ப்பாயம் போகலாம், அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போயாக வேண்டும். இந்த ஓர் ஆண்டைத் தவறவிட்டவர்கள் நிறைய. மாநில அரசு ஊழியர்களுக்கு உயர் நீதிமன்றம்தான்.

மின் இணைப்பு தராமல் இழுத்தால் 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 43-ஆம் பிரிவைக் காட்டி, நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், பிறகு மின் குறைதீர்ப்பாளருக்கும் போகலாம். குடிநீர், மின்சாரம், தபால், போக்குவரத்து, துப்புரவு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றமும் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது. காவல் நிலையத்தில் புகாரைப் பதிவு செய்யாவிட்டால் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4)-ஆம் பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பி, அதன் பிறகு குற்றவியல் நடுவரிடம் போக வேண்டும்.

தாமதத்துக்குக் காரணம் லஞ்சம் என்று தெரிந்தால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் போங்கள், கொடுப்பதற்கு முன்பே. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான். நிர்ப்பந்தத்தால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்தவருக்கு மட்டும் பாதுகாப்பு.

உத்தரவு வந்த பிறகு

வழக்கு ஜெயித்துவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். உத்தரவில் "நகல் கிடைத்த நாளிலிருந்து" என்று இருக்கும். நகலை அதிகாரியிடம் சேர்ப்பது உங்கள் வேலை. சான்றிட்ட நகல் கிடைத்ததும், முதலில் கொடுத்த மனுவின் நகலையும் எல்லா ஆவணங்களையும் திரும்ப இணைத்து, ஒரு முகப்புக் கடிதத்தோடு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கோப்பு கிடைக்கவில்லை என்ற சாக்குக்கு அப்புறம் இடம் இருக்காது. ஒப்புகையில் உள்ள தேதியிலிருந்து வாரங்களை எண்ணி, முடியும் நாளை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், சொல்வதை எழுத்திலும் கொடுங்கள்.

கெடுவுக்குள் மறுப்பு உத்தரவு வந்தால் அது நீதிமன்ற அவமதிப்பு ஆகாது. முடிவெடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டார். இப்போது உங்கள் கையில் காரணங்களோடு ஒரு காகிதம் இருக்கிறது. அதை எதிர்த்துப் போகலாம். சட்டத்தில் மேல்முறையீடு இருந்தால் அதற்கான கெடுவுக்குள் அங்கே போங்கள். இல்லையென்றால் அந்த உத்தரவை ரத்து செய்து, கேட்டதைக் கொடுக்கவும் சொல்லும்படி இன்னொரு ரிட் மனு. அந்தச் சமயத்தில் நீதிமன்றம் காரணங்களையே உரசிப் பார்க்கும்.

கெடு முடிந்தும் ஒன்றும் வரவில்லையென்றால் ஒரு கடைசி அறிவிப்பு அனுப்பி, 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் கீழ் மனு போடலாம். ரிட் மனுவில் பதவியைக் குறிப்பிட்டீர்கள். இங்கே அந்த நாற்காலியில் இப்போது இருப்பவரின் பெயரையே குறிப்பிட வேண்டும். அதனால் யார் மாற்றலாகிப் போனார், யார் வந்தார், உத்தரவு யார் காலத்தில் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் போட்ட அறிவிப்பு போய்ச் சேர்ந்ததும் பல அலுவலகங்களில் கோப்பு தானாக நகரும். அரசுத் தரப்பு கூடுதல் அவகாசம் கேட்டு மனு போட்டால், இனி எத்தனை நாள் என்பதைத் தேதி குறிப்பிட்டுப் பதிவு செய்யும்படி உங்கள் வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள்.

அவமதிப்பு மனுவுக்கு 20-ஆம் பிரிவில் ஓர் ஆண்டு கெடு இருக்கிறது. உத்தரவில் கொடுத்த வாரங்கள் முடிந்த நாளை ஏற்கெனவே வட்டமிட்டிருக்கிறீர்கள் அல்லவா? அதே நாளின் பக்கத்தில், பதினோராவது மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். "இதோ கையெழுத்தாகப் போகிறது" என்று சொல்லிச் சொல்லியே அந்த ஆண்டைக் கடத்திவிட முடியும்.